செண்டும் ஆவாரையும்



விழா மேடையில் விருந்தினர் கையில் நாம் அளிக்கும் பூங்கட்டைப் பேச்சில் ‘பொக்கே’ என்கிறோம். எழுத்தில் ‘மலர்ச்செண்டு’ என்கிறோம். இரண்டும் ஒன்றுதானா?

பொக்கே பிரெஞ்சு நாட்டுச் சொல். மரக்கூட்டம் என்பதே அதன் பழைய பொருள். பின்னர் அது கையளவுப் பூக்களுக்குச் சுருங்கியது. திராட்சை மதுவின் நறுமணத்தையும் அச்சொல்லாற் குறிப்பர்.

நம் செண்டு வேறு குடியிற் பிறந்தது. பந்துக்குச் செண்டு என்று பெயர். ஐயனார் ஏந்திய ஆயுதத்திற்கும் அதுவே பெயர். திருவிளையாடற் புராணத்தில் ‘மேருவைச் செண்டாலடித்த படலம்’ ஒன்று உண்டு. உக்கிர பாண்டியன் மலையைப் பூங்கொத்தால் அடித்தான் என்று எண்ணிவிடாதீர்கள்! பூக்களைப் பந்துபோலத் திரட்டிக் கட்டியது பூச்செண்டு எனக் கொள்ளலாம். கிளையில் தானே பூத்த கொத்து இணர், துணர் எனப்படும். செண்டுக்கோ கட்டுகின்ற கை ஒன்று வேண்டும்.

அப்படிக் கை கட்டும் செண்டு ஒன்று கடைக்கு வராமலே நம்மிடம் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னாள், தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரையிற் செருகுவர். காப்புக் கட்டுதல் என்பது அதன் பெயர். இதனை ஒருவரும் பொக்கே என்பதில்லை. நான் செண்டு என்றே சொல்வேன்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. அந்த மஞ்சட் பூவின் செடியைத்தான் உங்கள் பாலாற்றங்கரைத் தொழிலும் நெடுங்காலம் நம்பியிருந்தது. சுண்ணாம்பு நீரில் ஊறி மயிர் நீங்கிய தோலை, ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் இடுவர். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தோடு பிணைந்து, அது அழுகாமற் காக்கும். முடிவில் கடுக்காய் நீர். ஆங்கிலத்தில் இச்செடியின் பெயரே தோல் பதனிடுவோரைக் கொண்டுதான் அமைந்தது. பூவைக் கும்பிட்டு எடுத்த நாம், பட்டை வாடை வீசும் கைகளைக் கண்டு மூக்கைப் பொத்தினோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1970-களுக்குப் பின் குரோமிய உப்பு தொட்டிகளில் மிகுதியாகப் புகுந்தது. பட்டைக் காலத்துக் கழிவுநீரும் தூய நீரன்று. ஆயினும் தொழில் பெருகப் பெருகக் கிணறுகளும் வயல்களும் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது; தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது.

பட்டையிட்டுப் பதனிடுவோர் திண்டுக்கல், திருச்சிப் பகுதிகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் தொட்டிகளிலும் ஆவாரையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. கூரையில் மட்டும் ஆவாரைக்கு மாற்று வரவில்லை.