ராஜாஜியும் சுதந்திரக் கட்சியும்

அரசு குறைவாக ஆள்வதே நன்று, தனிமனிதனின் உழைப்பிலும் உடைமையிலும் அது தலையிடலாகாது என்று மேடையில் முழங்கும் அரசியல்வாதிகள் எந்நாட்டிலும் உண்டு. அக்கொள்கையை அவர்கள் உள்ளபடி உணர்ந்துதான் பேசுகிறார்களா? நம் நாட்டில் இவ்வினாவைக் கேட்டுப் பார்க்க ராஜாஜியினும் தக்கவர் இல்லை. பெங்களூரில் வாழும் நமக்கு அவர் அயலாரும் அல்லர். ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, இந்நகரின் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அவர்.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் செய்தது. அவ்வாண்டு ஜூன் 4-ஆம் நாள், எண்பது வயதைக் கடந்த ராஜாஜி சென்னையில் சுதந்திரக் கட்சியை அறிவித்தார். மினு மசானியும் என். ஜி. ரங்காவும் உடன் நின்றனர். 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்ற தொடர் அவர் வாக்கிலிருந்து நாடெங்கும் பரவிற்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தொடரின் நடுச்சொல் எப்போதும் இடர் தருவது. ஆங்கிலத்தில் அது அதிகாரி அளிக்கும் அனுமதியையும் குறிக்கும், கட்டுக்கடங்காத நடத்தையையும் குறிக்கும். 'உரிமம்' என்று தமிழாக்கினால் முன்னது மட்டுமே நிற்கிறது. ராஜாஜியோ இரண்டையும் வெறுத்தவர்.

ஆட்சியில் இருந்தபோது அவர் செய்தவற்றைப் பார்த்தால் இது விளங்கும். 1952-இல் சென்னை மாநில முதலமைச்சரானதும் உணவுதானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் துணிந்து நீக்கினார். பஞ்சம் வரும் என்று அஞ்சியவர் பலர், வரவில்லை. கட்டுப்பாடுகளைப் பற்றிப் பின்னாளில் அவர் பேசியதெல்லாம் ஏட்டறிவு அன்று. ஆனால் அதே ஆட்சிக் காலத்தில், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும், ஆலைகள் அவற்றை நெய்யலாகாது என்று மத்திய அரசை வற்புறுத்தியவரும் அவரே. கோட்டா என்பது வேறென்ன? 1951-இல் மத்திய உள்துறை அமைச்சராக இருந்து தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டித்தார். பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும் நிறைவேற்றினார். 1938-இல் அவரது அரசு பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்த்து மறியல் செய்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். 1965-இல் ஹிந்தித் திணிப்பை அவரே எதிர்த்து நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதுவிலக்கை இவற்றோடு சேர்த்து எண்ணலாகாது. மற்றவை ஆட்சியின் நெருக்கடிகள் என்று ஒருவர் வாதாடலாம். மதுவிலக்கு அவர் உள்ளத்தின் கொள்கை. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் குறைந்தது. அக்குறையை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் அத்தகைய வரிக்கு அதுவே முன்னோடி. ஒருவன் குடிக்காதிருப்பதற்காக ஊரார் அனைவரும் உப்பு, புளி வாங்குமிடத்தில் வரி கொடுக்கலாயினர்.

சுதந்திரக் கட்சி தோன்றுவதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1859-இல், ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரம் பற்றி எழுதிய நூலில் இத்தகைய மதுவிலக்குச் சட்டங்களையே எடுத்துக்காட்டாக வைத்துக் கண்டித்தார். பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவன் தன்னைக் கெடுத்துக்கொள்வதில் சட்டத்துக்கு வேலையில்லை என்பது அவர் வாதம். ராஜாஜி அதனை அறியாதவரல்லர், ஏற்காதவர். அரசு விலகி நிற்கும் இடத்தில் தர்மம் வந்து ஆளும் என்பது அவர் நம்பிக்கை. தர்மம் தளருமிடத்தில் சட்டத்தை அழைக்க அவர் தயங்கவில்லை. ஆகவே அவரைத் தனிமனித சுதந்திரவாதி என்றழைத்தவர்கள்தாம் பிழைபட்டனர் என்பது நம் கருத்து.

அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் கதை வேறு. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி முதலிய அரச குடும்பத்தாரும், நில உச்சவரம்புக்கு அஞ்சிய பெருநிலக்காரரும் கட்சியில் பலர். 1967 தேர்தலில் 44 இடங்களுடன் மக்களவையின் மிகப்பெரிய எதிர்க்கட்சியாயிற்று அது. வரியைக் குறைக்கச் சொன்ன அக்கட்சி, வரிப்பணத்திலிருந்து மன்னர்களுக்குப் போய்க்கொண்டிருந்த மானியத்தை ஒழிப்பதை எதிர்த்தது. கொடுத்த வாக்கை அரசு மீறலாகாது என்ற நியாயம் அதில் இருந்தது. அதை நாம் எளிதென்று தள்ளவில்லை. எனினும் அந்நியாயத்தைப் பேசியவர்களில் எத்தனை பேர், தமக்கு வரவு இல்லாத ஒரு வாக்குறுதிக்காகவும் அவ்வாறு வாதாடியிருப்பர்?

இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா என்று நேயர் வினவலாம். சேலத்திலிருந்தும் வடஆர்க்காட்டிலிருந்தும் பெங்களூர் வந்த தமிழர் பலருக்கு வாழ்வளித்தவை 1948-இல் எழுந்த தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எழுந்த ஹெச். எம். டி., 1954-இல் எழுந்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆகிய அரசு நிறுவனங்களே. குடியிருப்பும் மருத்துவமனையும் சேர்ந்தே கிடைத்தன. அந்நாளில் அரசு தொழில் நடத்தலாகாது என்ற பேச்சு நம்மவர் காதில் இனித்திராது. 1991-க்குப் பின் அவர்கள் மக்கள் தனியார் கணிப்பொறி நிறுவனங்களில் அமர்ந்தனர்; 2016-இல் ஹெச். எம். டி. கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவு செய்தபோது வீட்டில் தந்தை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. இருவருள் எவர் தத்துவத்தை ஆராய்ந்து அந்நிலைக்கு வந்தார் என்று நாம் கேட்டதில்லை.

1971-இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது ராஜாஜிக்கு வயது 92. வேண்டாம் என்று மன்றாடினார், பயனில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். 1974-இல் சுதந்திரக் கட்சி பாரதிய லோக தளத்தில் கலந்தது. மதுக்கடைகள் திறந்த பின்னும் விற்பனை வரி எடுக்கப்படவில்லை.