தராசு முள்ளும் பிள்ளையின் வளர்ச்சியும்

(திருகோணமலைத் துறைமுகப் பகுதித் தாய்மார் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வந்து இந்த மாவட்டத்தில் குடியேறியவர்கள் பலர். நமக்குக் கொழுந்துத் தராசும் தெரியும், துறைமுகத்தில் மீன் நிறுக்கும் தராசும் தெரியும். கொழுந்து நிறுக்கையில் எல்லார் கண்ணும் முள்ளின் மேல்தான். கூடைக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்காமல் விடமாட்டோம். ஆனால் கிளினிக்கில் நம்ம பிள்ளையை நிறுக்கும்போது அந்தக் கண் எங்கே போகுது?

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டப் பகுதியிலோ 32 பேர். இந்தக் குறையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சரியாக அளந்தால்தான் தெரியும்.

முதலில் எடை. 9 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் பிள்ளை மாதம் 200 முதல் 250 கிராம் வரைதான் கூடும். கம்பளிச் சட்டை, தொப்பி, நனைந்த துணி எல்லாம் சேர்ந்தால் அதே அளவு கனம் வந்துவிடும். அப்போது வளராத பிள்ளையும் வளர்ந்ததாகக் கார்டில் பதிவாகும். இந்தக் கடற்கரை வெக்கையில் பிள்ளைக்கு ஒரு சட்டைதான். மலைக்குளிரில் அப்படி இல்லை. ஆகவே உடுப்பைக் கழற்றி, துணியை மாற்றி நிறுக்கச் சொல்லுங்க. தொங்கு தராசு என்றால், பிள்ளையை வைக்கும் பையை மாட்டிய பிறகு முள் பூச்சியத்தில் நிற்குதா என்று பாருங்க.

அடுத்தது உயரம். இரண்டு வயது வரை படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்குப் பிறகு நிற்க வைத்து. படுத்த அளவு நின்ற அளவைவிட ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். அதனால் எப்படி அளந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்க. படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். தலை பலகையில் முட்டும்படி தாய் பிடித்துக்கொள்ள, மருத்துவிச்சி முழங்காலை நேராக்கி அளப்பார். உயரம் ஒருபோதும் குறையாது. போன தடவையைவிடக் குறைந்திருந்தால் ஏதோ ஒரு அளவு பிழை. மறுபடி அளக்கச் சொல்லுங்க.

வயதையும் குத்துமதிப்பாகச் சொல்லாதீங்க. கார்டில் உள்ள பிறந்த திகதியைக் காட்டுங்க.

"நம்ம ஆட்களே குட்டைதானே" என்று சிலர் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகள் இந்தியா, ஓமான், கானா, நோர்வே, பிரேசில், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து வரையப்பட்டவை. நல்ல சாப்பாடும் பராமரிப்பும் கிடைத்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் சின்ன வயதில் ஒரே மாதிரித்தான் வளருது.

மருத்துவிச்சி ஒருவர், அழுகிற பிள்ளைகளோ பலர். குறை சொல்வதைவிடக் கைகொடுப்பதே நல்லது. மலையில் இருக்கும் சொந்தங்களுக்கும் இதைச் சொல்லுங்க. கொழுந்துக்குக் கேட்ட கேள்வியைப் பிள்ளைக்கும் கேட்போம்.