செய்முறைத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு

(கூட்டமைப்புப் பொதுக்கூட்டத்தில் இரண்டு கிராம சுகாதார செவிலியர்கள் சேர்ந்து பேசியது)



நாங்கள் ரெண்டு பேரும் குழு வீட்டுப் பிள்ளைகள்தான். ஏ.என்.எம். படிப்பை இரண்டு வருஷம் படித்து, தேர்வில் தேறி, கவுன்சிலில் பதிந்து, துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறோம். இந்த வருஷம் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் எங்களிடம், "படிக்கிறதைப் படிச்சிடுவோம்க்கா, பிராக்டிக்கல்னாதான் கை நடுங்குது" என்று சொல்றாங்க. அதைப் பற்றித்தான் பேச வந்தோம்.

எழுத்துத் தேர்வு தனி, செய்முறை தனி. இரண்டிலும் தனித்தனியாக 50 சதவீதம் வாங்கணும். எழுத்தில் 90 வாங்கி, செய்முறையில் 45 வாங்கினால் தேறவில்லை என்றுதான் அர்த்தம். தேறாவிட்டால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது. குழுக் கடன் வாங்கிப் படித்த இரண்டு வருஷமும் அந்த ஒரு நாளில் தொங்குது.

ஆனால் கிராமத்துப் பிள்ளைக்குச் செய்முறைதான் சுலபம் என்பது எங்கள் அனுபவம். கர்ப்பிணித் தாயின் வயிற்றைப் பரிசோதிக்கச் சொல்வார்கள் என்று வையுங்கள். வளையல், மோதிரம், வாட்சைக் கழற்றி வைத்து, சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவணும். கழுவச் சொல்லி யாரும் சொல்ல மாட்டாங்க, பார்த்துக்கிட்டே இருப்பாங்க. பிறகு அந்தத் தாயிடம் பேசணும். "அக்கா, வயித்தைத் தொட்டுப் பார்க்கப் போறேன், ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்கணும். மறைப்பு போட்டு, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடணும். இதற்கெல்லாம் மார்க் உண்டு. நோயாளியோடு பேசுவது நமக்கு யாராவது சொல்லித்தரணுமா என்ன?

பிரசவத் தேதிக் கணக்கில் மட்டும் கவனம் வேணும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதம் 7 நாள் கூட்டணும். நம் ஊரில் தேதி கேட்டால், "ஆடிப்பெருக்கு அன்னைக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டேன்" என்பார்கள். அது மூணாம் நாள்! ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 என்றால், தீட்டு பட்டது ஆகஸ்ட் 1. பிரசவத் தேதி மே 8, மே 10 இல்லை. ரெண்டு நாள்தானே என்று விடக்கூடாது. "தீட்டு பட்டது என்னைக்கு?" என்று பிள்ளை திரும்பக் கேட்டாளா என்பதைத்தான் தேர்வாளர் கவனிப்பார்.

தடுப்பூசிக் கேள்வி கட்டாயம் வரும். பி.சி.ஜி. இடது மேல் கையில், தோலுக்குள்ளே. அளவு 0.1 மி.லி., ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 0.05. பென்டாவேலன்ட் இடது தொடைச் சதையில் 0.5. எம்.ஆர். வலது மேல் கையில், தோலுக்கு அடியில் 0.5. மனப்பாடம் செய்தால் மறந்துடும். வீட்டில் துணிப் பொம்மை வைத்து, பேனாவை ஊசியாகப் பிடித்து, இடத்தைத் தொட்டுச் சொல்லிப் பழகணும். தசைக்கு நேர்க்குத்தாக 90 டிகிரி, தோலுக்கு அடியில் என்றால் 45, தோலுக்குள் என்றால் 10 முதல் 15. சாய்வு கைக்குப் பழகிவிடும்.

இதில் குழுவும் உதவலாம். கூட்டம் முடிந்ததும் 12 பேர் உட்கார்ந்திருக்கிறோம், பிள்ளைக்கு நாடி பார்க்க 12 கை. ஒவ்வொரு கையிலும் ஒரு நிமிஷம் முழுசா எண்ணட்டும். மடியில் இருக்கிற குழந்தையின் மூச்சையும் எண்ணட்டும். 2 மாதம் முதல் ஒரு வயசு வரை 50, அதற்கு மேல் 5 வயசு வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டால் வேகமான மூச்சு. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிற வழக்கம் தேர்வில் வேண்டாம், வேலையிலும் வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்புக்கு விதித்த அளவு வருகை இருந்தால் போதும். செய்முறைக்கு 100 சதவீதம் முடிக்காமல் சான்றிதழ் தரமாட்டார்கள். கிடாவெட்டு, காதுகுத்து என்று பிள்ளையை ஊருக்குக் கூப்பிடாதீர்கள். கோவிச்சுக்கிறவங்க கோவிச்சுக்கட்டும்.

புதுசாகச் சேர்க்கிறவர்கள், கடன் தீர்மானம் போடும் முன் அந்தப் பள்ளிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கடித நகலைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண், "ஒரு வருஷ நர்ஸ் கோர்ஸ்" என்ற போர்டைப் பார்த்துச் சேர்ந்தாள். சான்றிதழ் கொடுத்தார்கள், கவுன்சிலில் அதற்கு மதிப்பில்லை. கடன் தவணை மட்டும் நின்றபாடில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாங்கள் பி.பி. மிஷின் கொண்டு வருகிறோம். தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டோடும், விநாடி முள் இருக்கிற வாட்சோடும் ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடுங்க.