குடத்தோடு வந்தவர்கள் சங்கத்தோடு திரும்ப வேண்டும்

(மதுரையில் ஏப்ரல் 23 அன்று தோழர் லீலாவதி நினைவு நாளையொட்டி வார்டு ஊழியர்கள் கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



தோழர் லீலாவதியின் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. கோஷமும் போட்டாகிவிட்டது. மாலை வாடுவதற்குள் நாம் பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம்மில் சிலர் கவுன்சிலர்கள், சிலர் அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர்கள், பெரும்பாலோர் கவுன்சிலருக்காக வீடு வீடாக நடக்கிறவர்கள். கவுன்சிலர் வேலை என்றால் என்ன, அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

இளம் தோழர்கள் பலர் 1997-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1996 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்த பிறகு தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்தல் அது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்பது அப்போதுதான் வந்தது. மதுரை மாநகராட்சியில் அன்று 72 வார்டுகள். வில்லாபுரத்தில் நம் கட்சி சார்பில் நின்றவர் லீலாவதி. பணக்கார வீட்டுப் பெண் அல்ல, நெசவாளர் குடும்பம். தறிச் சத்தம் நின்றால் அடுப்பு அணைந்துவிடும் என்கிற வீடு. மூன்று பெண் குழந்தைகளின் தாய். மாதர் சங்கத்தில் வேலை செய்து, தெருவுக்குத் தெரு பெண்களை அறிந்தவர். ஜெயித்தார். ஜெயித்து ஏறத்தாழ ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 1997 ஏப்ரல் 23-ந் தேதி, பட்டப்பகலில், தன் சொந்தப் பகுதியிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஏன் கொன்றார்கள்? அவர் மந்திரி அல்ல. கோடிக்கணக்கான பணம் அவர் கையில் புழங்கவில்லை. தண்ணீர் கேட்டார், தோழர்களே! தன் வார்டு ஜனங்களுக்குக் குழாயில் தண்ணீர் வரவேண்டும் என்று கேட்டார்.

இதை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் கேட்பது எப்படி உயிருக்கு ஆபத்தான காரியமாயிற்று?

மதுரைக்குப் பெரும்பாலும் வைகைதான் கதி. 1895-ல் கட்டிய பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வருகிற தண்ணீர், 1959-ல் திறந்த வைகை அணையில் தேங்கி, அங்கிருந்து நமக்கு வருகிறது. அணையில் 71 அடி நின்றால் ஊருக்கு நிம்மதி. இறங்கினால் குழாயடியில் சண்டை. ஊருக்குள் இருந்த கண்மாய்களை ஒவ்வொன்றாகத் தூர்த்துக் கட்டடம் கட்டிவிட்டோம். தல்லாகுளம் என்ற பெயரிலேயே குளம் இருக்கிறது. மாநகராட்சி மாளிகை அங்கேதான் நிற்கிறது. உயர்நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரியில். ஏரியைப் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டோம். பழைய ஊர் நான்கு மாசி வீதிக்குள் இருந்தது. அதற்கு வெளியே, தெற்கே, மில் தொழிலாளியும் நெசவாளியும் கட்டடத் தொழிலாளியும் குடியேறிய பகுதிகளுக்குக் குழாய் கடைசியில்தான் வரும். சில தெருவுக்கு வராமலே போகும். போர் போட்டால் வருகிற தண்ணீர் பல இடங்களில் பாத்திரம் கழுவ ஆகும், குடிக்க ஆகாது.

குழாய் வராத இடத்தில் என்ன வருகிறது? லாரி வருகிறது. ஒரு குடத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஊற்றுகிற லாரி. இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். அரிசி விற்கிறவனுக்கு அரிசி விளைய வேண்டும். துணி விற்கிறவனுக்குத் தறி ஓட வேண்டும். தண்ணீர் விற்கிறவனுக்கு ஒன்றே ஒன்று வேண்டும்: குழாய் வரக்கூடாது. சர்க்கார் தன் கடமையைச் செய்யாமலிருப்பதே அவனுடைய மூலதனம். ஆகவே குழாய் போடும்படி மாநகராட்சியில் எழுந்து பேசுகிற கவுன்சிலர் அவனுடைய பெட்டியில் கைவைக்கிறார் என்று அர்த்தம். மிரட்டிப் பார்ப்பான். விலை பேசிப் பார்ப்பான். இரண்டுக்கும் மசியாத ஆள் என்று தெரிந்தால் அரிவாளை எடுப்பான். லீலாவதி இரண்டுக்கும் மசியவில்லை.

அவர் இறுதி ஊர்வலத்தன்று நாம் பள்ளிக்கூடத்துப் பையன்கள். கட்சி என்றால் என்னவென்று அன்று நமக்குத் தெரியாது. ஆனால் தெருவில் நின்ற பெண்களின் முகம் நினைவிருக்கிறது. அழுகையோடு கோபமும் இருந்தது. கட்சி ஆபீசுக்குள் பிறகு நாம் நுழைந்ததற்கு அந்த முகங்களும் ஒரு காரணம்.

வழக்கு நடந்தது, கொலைகாரர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008-ல் அண்ணா நூற்றாண்டு விழாவையொட்டி ஆயுள் கைதிகளை சர்க்கார் முன்கூட்டியே விடுதலை செய்தபோது, இந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் சிலரும் வெளியே வந்தார்கள். கட்சி கண்டித்தது. கண்டித்ததோடு காரியம் முடிந்துவிட்டதாக நாம் எண்ணவில்லை. ஆனால் இன்றைய பேச்சு அதைப் பற்றியது அல்ல.

1997-ம் வருஷம் மதுரை ஜில்லாவுக்கு இன்னொரு ரத்தக் கறையும் உண்டு. லீலாவதி விழுந்து இரண்டு மாதம் கழித்து, ஜூன் 30-ந் தேதி, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்துக் கொன்றார்கள். தாழ்த்தப்பட்டவர் தலைவர் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பது காரணம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து வருஷம் தேர்தலையே நடத்தவிடாமல் அடித்தார்கள். 2006-ல்தான் அங்கே தலைவர்கள் ஒழுங்காகப் பதவியேற்றார்கள். நகரத்தில் தண்ணீர் லாபம், கிராமத்தில் சாதி ஆதிக்கம். "சின்னப் பதவிதானே" என்று சிலர் சொல்வார்கள். எதிரி அப்படி நினைக்கவில்லை. வார்டு மெம்பரும் ஊராட்சித் தலைவரும் ஏழையின் வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கிற அதிகாரம் என்பதை நம்மைவிட அவன் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

அதிகாரம் என்றோம். எவ்வளவு அதிகாரம்? இங்கே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். மதுரை 1971-ல் மாநகராட்சியாயிற்று. நிர்வாகம் செய்கிறவர் சர்க்கார் நியமிக்கிற ஆணையர். கவுன்சிலர் பேசலாம், ஓட்டுப் போடலாம், கேள்வி கேட்கலாம். ஒரு தெரு விளக்கை மாற்றும்படி ஆள் அனுப்ப அவருக்குச் சொந்தமாக ஏணி கூடக் கிடையாது! சர்க்காருக்கு மனமில்லாவிட்டால் கவுன்சிலே இருக்காது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரையில் தேர்தல் நடத்தவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல், நூறு வார்டுள்ள நகரத்துக்குக் கவுன்சிலர் ஒருவர் கூட இல்லை. சாக்கடை அடைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தாய்மார்கள் அலைந்ததை நாம் பார்த்தோம். லீலாவதி ஜெயித்த தேர்தலுக்கு முன்பும் இதே கதைதான்; 1991-லிருந்து 1996 வரை தேர்தல் இல்லை.

அதே 1996-ல் பக்கத்து மலையாள நாட்டில் என்ன நடந்தது? இடதுசாரி சர்க்கார் ஆகஸ்டு 17 அன்று மக்கள் திட்டம் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35-லிருந்து 40 சதவிகிதத்தை ஸ்தல ஸ்தாபனங்களின் கையில் கொடுத்து, ஜனங்கள் கூடிப் பேசித் திட்டம் போடச் சொன்னது. அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் வார்டு மெம்பர் கையில் மனுவோடு பணமும் இருந்தது. இங்கே நம் கவுன்சிலர் கையில் மனு மட்டும்தான்.

அப்படியானால் நம் கவுன்சிலர் என்ன செய்ய முடியும்? லண்டனில் பாப்ளர் என்று ஏழைத் தொழிலாளர் பகுதி. 1921-ல் அங்கே ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் இருந்த கவுன்சிலர்கள், பணக்காரப் பகுதியும் ஏழைப் பகுதியும் ஒரே மாதிரி வரிப்பணம் கட்டவேண்டும் என்ற அநியாயத்தை ஏற்க மறுத்தார்கள். 30 பேர் சிறைக்குப் போனார்கள். அதில் பெண்களும் உண்டு. சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டம் நடத்தினார்கள். ஆறு வாரத்தில் விடுதலை, சட்டமும் மாறியது. சட்டப்படி அவர்களுக்கும் பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை. வெளியே ஆயிரக்கணக்கான ஜனங்கள் நின்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நம் சங்கதிக்கு வருவோம். கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வார்டில் நாம் வேலை செய்தோம். எந்த வார்டு என்பது வேண்டாம். தினம் காலை ஏழு மணிக்கு வாசலில் கூட்டம். ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. அது தாலுகா ஆபீஸ் காரியம், கவுன்சிலருக்கு அதில் அதிகாரம் கிடையாது. ஆனாலும் பாட்டி யாரிடம் போவார்? நாம் போனோம். இன்னொருவருக்கு ரேஷன் கார்டில் பேரன் பெயர் சேரவில்லை, போனோம். ஒரு தெருவுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் விடவில்லை. வால்வு திறக்கிற ஊழியரைத் தேடிப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, அந்தத் தெருவுக்கு மட்டும் திறக்க வைத்தோம். தெருவே நம்மை வாழ்த்தியது. நமக்கும் பெருமை பிடிபடவில்லை.

பக்கத்துத் தெருவுக்கு அன்று தண்ணீர் குறைந்தது. அதை நாம் கவனிக்கவில்லை. அந்தத் தெருவின் அம்மாள் ஒருவர் மறுநாள் வந்து, "ஏப்பா, ஒங்க கட்சிக்காரன் தெருவுக்குத்தான் தண்ணியா? நாங்க என்ன மழை பேஞ்சா குடிச்சுக்கிறணுமா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயில்லை. அடுத்த தேர்தலில் நாம் தோற்றோம். தோற்றதற்குப் பணமும் காரணம், சாதியும் காரணம். ஆனால் அந்த அம்மாளின் கேள்வியும் காரணம் என்று கமிட்டியில் எழுதி வைத்தோம். நாம் நூற்றுக்கணக்கான பேருக்கு உதவி செய்திருந்தோம். அவர்களில் பத்துப் பேரைக் கூட ஒன்றாக உட்கார வைக்கவில்லை. நல்ல தரகராக இருந்தோம். காசு வாங்காத தரகர், அவ்வளவே. காசு வாங்குகிற தரகன் வந்ததும் ஜனங்கள் அவனிடம் போய்விட்டார்கள். அவனிடம் வேலை சீக்கிரம் முடிந்தது!

தனித்தனி உதவியே கூடாது என்று சொல்லவில்லை. பாட்டியின் பணம் நின்றால் போய்த்தான் ஆகவேண்டும். "புரட்சி வந்ததும் சரியாகிவிடும்" என்று பாட்டியிடம் சொல்கிற தோழர் கட்சிக்கும் உதவமாட்டார், பாட்டிக்கும் உதவமாட்டார். ஆனால் பாட்டியை அழைத்துக்கொண்டு போகும்போது, அந்தத் தெருவில் பணம் நின்றுபோன மற்ற கிழவிகள் யார் யார் என்று கேட்டீர்களா? அத்தனை பேரையும் சேர்த்து ஒரே நாளில் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார வைத்தால் அதிகாரி எழுந்து வெளியே வருவார். ஒரு பாட்டி போனால் நாளை வா என்பார்.

லீலாவதி செய்தது இந்த வேலைதான். அவர் கவுன்சிலராவதற்கு முன்பே தெருப் பெண்கள் அவரோடு இருந்தார்கள். மாதர் சங்கம் முதலில், பதவி பிறகு. மதுரையில் இது பழைய வழக்கம். மேடை நாடகத்திலிருந்து இயக்கத்துக்கு வந்து, சிறை சென்று, 1967-ல் மதுரை கிழக்கில் சட்டசபைக்குப் போன ஜானகி அம்மாளும் அப்படி வந்தவர்தான். நாம் சில இடங்களில் தலைகீழாகச் செய்கிறோம். பதவி முதலில், சங்கம் என்றைக்காவது.

2022-ல் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று வந்தது. நல்லது. ஆனால் எத்தனை வார்டில் கவுன்சிலர் அம்மாளின் செல்போனை அவர் வீட்டுக்காரர் எடுத்துப் பேசுகிறார்? சிரிக்காதீர்கள், நம் பக்கத்திலும் கவனிக்க வேண்டும். பெண் தோழர் கவுன்சிலரானால், கமிட்டிக்கு அவர் பேசட்டும். டீ கொண்டு வருகிற வேலையை ஆண் தோழர்கள் செய்யட்டும்.

பகுதி சபை என்று ஒன்று இப்போது சட்டத்தில் இருக்கிறது. 2022 நவம்பர் 1-ந் தேதி முதன்முதலாகக் கூட்டினார்கள். பல இடங்களில் நாற்காலி போட்டு, போட்டோ எடுத்து, கலைந்து போனார்கள். அந்தச் சபையை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அதிகாரி எழுதிக்கொண்டுவந்த தீர்மானத்துக்குக் கைதட்டப் போகாமல், தெரு எழுதிய தீர்மானத்தோடு போக வேண்டும். ஆகவே கமிட்டி இப்படி முடிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் வந்தது என்று ஒரு மாதம் எழுத வேண்டும். எழுதுவது நாம் அல்ல. அந்தத் தெருவின் பெண்கள். மேட்டுத் தெரு, பள்ளத் தெரு இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுங்கள், முன்பு நாம் செய்த தப்பு திரும்ப வரக்கூடாது. லாரித் தண்ணீர் வாங்கிய வீடு என்றால் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நாற்பது பக்க நோட்டுகள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன. தெருவுக்கு ஒன்று. போகும்போது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.