மருத்துவமனைக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் நடுவே

புது தில்லியில் வாழும் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றதும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மீனும் நினைவுக்கு வரும். அந்தச் சந்தைக்கு அண்டையில் நாட்டின் பெரிய மருத்துவமனைகள் இரண்டு உள்ளன. மெட்ரோ ரயிலில் தெற்கே ஒரே நிறுத்தம் சென்று இறங்கினால், அரவிந்தர் சாலையின் ஒரு பக்கம் 1956இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம். எதிர்ப்பக்கம் சப்தர்ஜங் மருத்துவமனை. பின்னது இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942இல், அமெரிக்கப் படையினருக்கான மருத்துவ நிலையமாகத் தோன்றியது. 1954இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பில் வந்தது. 2010ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளையொட்டி அதன் வளாகத்தில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி மையம் ஒன்று திறக்கப்பட்டது. மூட்டுக்குள் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்திப் பிணைநார்களைச் சீர்செய்யும் நுண்ணிய அறுவையைச் சாதாரண மக்களும் அரசு மருத்துவமனையில் பெற இம்மையம் வழி செய்தது.

அறுவை முடிந்தவர் வீடு திரும்புகிறார். சில வாரங்கள் இயன்முறைச் சிகிச்சை நடைபெறுகிறது. பிறகு தொலைவு, கூட்டம், இழக்க வேண்டிய ஒரு நாள் கூலி ஆகியவற்றை எண்ணி அவர் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். வலி குறைந்துவிட்டது, ஆனால் ஒரு கால் மற்றதைவிடச் சிறுத்திருக்கிறது. சந்தையை அடுத்த கோட்லா முபாரக்பூர் போன்ற நெருக்கமான பகுதியில், மாடியறை ஒன்றில் நடக்கும் உடற்பயிற்சிக்கூடத்தில் பணம் கட்டிச் சேருகிறார். அங்கே அவரை ஏற்றுக்கொள்ளும் பயிற்சியாளர் பெரும்பாலும் தம் உடலைத் தாமே வளர்த்துக்கொண்ட ஓர் இளைஞர். வந்தவரின் கையிலுள்ள சீட்டில் 'இனி உடற்பயிற்சி செய்யலாம்' என்ற அளவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்தப் பயிற்சி, எவ்வளவு எடை, மூட்டை எந்தக் கோணம் வரை மடக்கலாம் என்ற விவரம் ஏதும் அதில் இல்லை. அவையில் அமர்ந்திருக்கும் மாணவர்களும் அலுவலர்களும் கருத வேண்டியது இந்தச் சீட்டைத்தான். மருத்துவமனையின் பொறுப்பு அதோடு முடிகிறது. பயிற்சியாளரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

இதில் உள்ள அபாயத்தை முழங்கால் ஒன்றே விளக்கும். மூட்டுக்குள் குறுக்காக ஓடும் முன் பிணைநார், அதாவது மருத்துவர் ஏ.சி.எல். என்று குறிப்பிடுவது, அறுந்தால் உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த நாரை அங்கே பொருத்துகிறார்கள். பொருத்திய நார் உடனே உயிர்பெற்றுவிடுவதில்லை. அது முதலில் நலிகிறது. பின்பு அதனுள் புதிய இரத்த நாளங்கள் படர்கின்றன. பல மாதங்கள் சென்றே அது பிணைநாராக மாறுகிறது. ஆகவே முதல் சில வாரங்கள் கழிந்து வீக்கம் வடிந்து, நோயாளி தமக்குக் குணமாகிவிட்டதாக எண்ணும் அந்தக் காலத்தில்தான் உள்ளேயிருக்கும் நார், பொருத்திய நாளில் இருந்ததைவிட வலிமை குன்றியிருக்கிறது. வலியை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் பயிற்சியாளர் தவறுவது இவ்விடத்தில்தான். இருக்கையில் அமர்ந்து எடையைக் காலால் தூக்கி நீட்டும் கருவி எல்லாக் கூடங்களிலும் உண்டு. கால் முழுமையாக நீளும் கடைசிக் கோணங்களில் அக்கருவி அந்த நாரையே முன்னோக்கி இழுக்கிறது. அதே தொடைத் தசையை, பாதங்களைத் தரையில் ஊன்றி அரையளவு அமர்ந்து எழும் பயிற்சியினால் குறைந்த அபாயத்தோடு வளர்க்கலாம். பயிற்சியாளர் அறிய வேண்டிய வேறுபாடு இத்தகையது. இதை ஒரு மாலை வகுப்பில் கற்பித்துவிட முடியும்.

ஆட்டக்களத்துக்குத் திரும்பும் காலத்தைப் பற்றியும் சான்று உண்டு. இந்த அறுவை செய்துகொண்ட விளையாட்டாளர்களை நார்வேயில் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 9ஆம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயமுறும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைக் கண்டது. மூன்றாம் மாதமே ஓடவும் குதிக்கவும் துடிக்கும் இளைஞரிடம் பயிற்சியாளர் எடுத்துச் சொல்ல இதைவிட வலுவான செய்தி வேறில்லை.

இவ்வளவு அபாயம் இருக்குமானால் காயமுற்றவரைப் பயிற்சிக்கூடத்தில் அனுமதிக்காமலே விடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வரலாறு அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. சப்தர்ஜங்கில் போர்க்கால மருத்துவ நிலையம் இயங்கிய அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் சிகாகோ நகர ராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலார்ம் என்ற மருத்துவர் பணியாற்றினார். இளமையில் கீல்வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்பு எடை தூக்கியே உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். முழங்கால் காயத்துக்கு அறுவை செய்துகொண்ட வீரர்கள் எடையற்ற மெல்லசைவுகளை நூறு நூறாகச் செய்தும் கால் தேறாமல் கிடந்தார்கள். டிலார்ம் அவர்களின் காலில் எடையைக் கட்டினார். தூக்கும் வலு கூடக் கூட எடையையும் கூட்டினார். 1945இல் அவர் வெளியிட்ட முறையே எடைப்பயிற்சியின் மருத்துவ அடிப்படையாயிற்று. பின்னர் அவர் சுருக்கி வகுத்த பத்துப் பத்தாக மூன்று சுற்று என்ற கணக்கை இன்று எந்தச் சிற்றூர்ப் பயிற்சிக்கூடத்திலும் கேட்கலாம். அது காயம்பட்ட முழங்கால்களுக்காகப் பிறந்த கணக்கு என்பதை அங்கே சொல்லுவார் இல்லை.

எனவே எடை பகையன்று. அளவறியாத எடையே பகை. அளவை அறிய முதலில் கேள்வி கேட்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1970களில் உருவான ஏழு வினாக்கள் கொண்ட படிவம் ஒன்று உலகெங்கும் பயன்பட்டு வந்திருக்கிறது. இதய நோய், மார்பு வலி, தலைசுற்றல், எலும்பு அல்லது மூட்டுக் கோளாறு, உட்கொள்ளும் மருந்து முதலியவற்றை அது வினவுகிறது. ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும் மருத்துவரின் கருத்தைக் கேட்ட பிறகே பயிற்சி. இதற்கு ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும். ஆளுயரக் கண்ணாடிக்குச் செலவிடும் கூடங்கள் இத்தாளுக்குச் செலவிடத் தயங்குவது வியப்பே.

அடுத்தது பயிற்சியின்போதும் மறுநாளும் கவனிப்பது. வலியைப் பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்ணாகச் சொல்லச் செய்து, அது மூன்றுக்குள் அடங்கி, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் எடையை மெல்லக் கூட்டலாம் என்பது நடைமுறையில் உள்ள விதி. மறுநாள் மூட்டு வீங்கியிருந்தால், வலியே இல்லை என்று அவர் சாதித்தாலும், கூட்டலாகாது. தோள் ஒருமுறை நழுவியவருக்குக் கழுத்தின் பின்புறம் கம்பியை இறக்கும் பயிற்சி ஆகாது. முதுகு வலியோடு வந்தவருக்கு இரு தொடைகளின் நடுவே மரத்துப்போதலோ சிறுநீர் கட்டுப்படாமையோ தோன்றினால், அன்றே, அந்த மணியிலேயே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தண்டுவடத்தின் கீழுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. அறுவைக்குப் பின் கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடேறினால் இரத்த உறைவு இருக்கலாம்; தேய்த்து விடுதல் அங்கே உயிருக்கே கேடாகும். சுளுக்கு வழிப்பதும் கழுத்தை நெட்டி முறிப்பதும் நம் ஊர்ப் பழக்கமாக இருப்பதால் பயிற்சியாளரும் அதில் கைவைத்துவிடுகிறார். நோயை இன்னதென்று கூறுவதும் மூட்டை முறித்து நேராக்குவதும் அவர் தொழில் அல்ல.

சட்டம் இதில் பாதி தூரமே வந்திருக்கிறது. இணை மருத்துவத் தொழில்களுக்காக 2021இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டம் இயன்முறைச் சிகிச்சையாளரைத் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. உடற்பயிற்சியாளர் அதில் இல்லை. திறன் வளர்ச்சித் திட்டங்களின் கீழ் உடற்தகுதிப் பயிற்சியாளருக்குத் தகுதிச் சான்று உண்டு என்றாலும், சான்றில்லாமல் கூடம் நடத்துவோர் குறைவல்லர். 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவில் இத்துறைக்கு முன்னோடியாக விளங்கியது. பட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961இலிருந்து பயிற்றுநர்களைத் தயாரித்து வருகிறது. இவற்றில் பயின்றவர்கள் பெரும்பாலும் பள்ளிகளுக்கும் அணிகளுக்கும் போய்விடுகின்றனர். மாடியறைக் கூடத்துப் பயிற்சியாளரை அந்தக் கல்வி எட்டுவதில்லை.

அவரை எட்டச் செய்வதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. மருத்துவமனையை விட்டுச் செல்பவரின் சீட்டில் நான்கு வரி கூடுதலாக எழுதலாம்: செய்த அறுவை, அது நடந்த நாள், தவிர்க்க வேண்டிய அசைவு, அடுத்த சோதனை நாள். பயிற்சியாளர் அதைப் படித்துத் தம் ஐயத்தை இயன்முறைச் சிகிச்சையாளரிடம் கேட்க ஒரு வழி வேண்டும். சிகிச்சைப் பிரிவில் ஓரிரு வாரம் அருகே நின்று பார்ப்பது பயிற்சிச் சான்றின் ஒரு பகுதியாகலாம். பயிற்சியாளரை ஏளனமாக நோக்கும் மருத்துவரும், மருத்துவரை அஞ்சி ஒதுங்கும் பயிற்சியாளரும் ஒரே மனிதரின் காலைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் தொழிலாளியை இந்த ஏற்பாடுகளில் எங்கே வைப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. அவர் எந்தக் கூடத்திலும் பணம் கட்டிச் சேர்வதில்லை. முதுகு பிடித்துக்கொண்டால் அவருக்கும் 'ஆறு வாரம் எடை தூக்க வேண்டாம்' என்று எழுதித் தருகிறார்கள். ஆறு வாரம் கூலியின்றி இருந்துவிட்டு, ஏழாவது வாரத்தின் முதல் காலையில் அவர் தோளில் ஏற்றிக்கொள்வது முழு மூட்டை. கால் மூட்டையும் அரை மூட்டையுமாகத் தூக்கிப் பழகி அந்த நாளை அடைய வேண்டியவர் அவர். அப்படிப் பழக்கத் தெரிந்த பயிற்சியாளர் சில தெருக்கள் தள்ளி, கண்ணாடி பதித்த ஓர் அறையில் இருக்கக்கூடும்.