அழுகைக்கும் ஒரு சுருதி

இசைச் சிகிச்சை என்றதும், நோயாளிக்கு நல்ல பாட்டாகப் பார்த்துப் போட்டுக் கேட்க வைப்பது என்றே பலரும் நினைக்கிறோம். இன்று நான் சொல்ல வருவது வேறு. இங்கே பாட்டு முன்கூட்டியே கிடையாது. எதிரே இருப்பவர் எழுப்பும் ஓசையிலிருந்துதான் அது பிறக்கிறது.

1950களின் கடைசியில், இங்கிலாந்தின் சன்ஃபீல்டு சிறுவர் இல்லத்தில், அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் அங்கே ஆசிரியராக இருந்த கிளைவ் ராபின்ஸும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினார்கள். நார்டாஃப் பியானோவில் உட்காருவார். ஒரு டிரம், ஒரு சிம்பல், அவற்றின் முன்னால் குழந்தை, துணைக்கு ராபின்ஸ்.

பின்னாளில் அமெரிக்காவில் அவர்களிடம் வந்த ஒரு சிறுவனின் ஒலிப்பதிவு இத்துறையில் பிரசித்தம். அறைக்குள் வந்ததும் ஒரே அலறல். யாராக இருந்தாலும் மெல்லிய தாலாட்டு ஒன்றை வாசித்து அடக்கப் பார்ப்போம். நார்டாஃப் அப்படிச் செய்யவில்லை. அலறல் எந்தச் சுருதியில் இருந்ததோ அதைப் பிடித்து, அதே ஆவேசத்தோடு வாசித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை பியானோவின் ஸ்வரங்களோடு ஒட்ட ஆரம்பித்தது. பிறகு வந்த அமர்வுகளில் பையன் குரலால் பதில் கொடுத்தான்.

குழந்தை 'ங்கா' என்றால் தாயும் 'ங்கா' என்று கொஞ்சம் இழுத்துச் சொல்வாளே, அதுதான் இது. 'அழாதே' என்ற சொல் அந்தப் பையனைத் தள்ளி நிறுத்தியிருக்கும். 'உன் அழுகை எனக்குக் கேட்கிறது' என்பதை அந்த வாசிப்பு வார்த்தையில்லாமல் சொல்லியது. நார்டாஃபும் ராபின்ஸும் அமர்வுகளைப் பதிவுசெய்து, மறுபடி போட்டு, எந்த இடத்தில் குழந்தை திரும்பிப் பார்த்தது, எங்கே தாளம் மாறியது என்று குறித்து வைத்தார்கள். அந்தப் பொறுமைக்கு என் மனமார்ந்த வணக்கம்.

பெரியவர்களுக்கும் இது உண்டு. மனச்சோர்வால் வாடிய 79 பேரிடம் ஃபின்லாந்தில் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு சிகிச்சையாளருடன் சேர்ந்து மனம்போல் வாசித்தவர்களுக்கு, மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடச் சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது.

ஆனால், ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் இதே முறையை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. ஐந்து மாதம் கழித்து, பிறரோடு பழகும் தன்மையை அளந்த மதிப்பெண்ணில், இசைச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, ஆட்டிசத்தை இசை குணமாக்கிவிடும் என்று பெற்றோருக்கு யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அதற்காக, ஒரு குழந்தை டிரம்மைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறதே, அந்தச் சில விநாடிகளை ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.