கொடுமுடிக் குரல்



பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து பழனிக்கு வரும் அடியார் கூட்டத்தை ஆயக்குடியினர் நன்கறிவர். அதே கொடுமுடியிலிருந்து முருகன் பாடல்களைச் சுமந்து புறப்பட்ட ஒரு குரலும் உண்டு. 1908இல் அங்கே பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் அது. ஒலிபெருக்கி பரவாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்தவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும்; கேளாவிடில் கூச்சல் எழும். இக்கண்டிப்பான பள்ளியில் பயின்றவர் அவர். மேல்சுருதியில் நின்றபோதும் எழுத்து சிதையாமல் ஒலித்த அவர்தம் உச்சரிப்புக்கு வேர் அங்கேதான் உள்ளது.

கொழும்பு மேடைகளில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு இணைந்து அவர் நடித்ததும், அவ்விணை தமிழகமெங்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தைப் புகழேற்றியதும் பலரும் அறிந்தவை. மேடையில் இரவு முழுதும் விரிந்த பாட்டு, இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் என்று சுருங்கிற்று. சுருங்கினும் வீரியம் குறையவில்லை. நாடகம் காணச் செல்ல இயலாத பெண்டிரும் வீட்டுக்குள்ளிருந்தே அவரைக் கேட்டனர். வெகுமக்கள் இசை என்று இன்று நாம் வழங்குவது தமிழில் உருவெடுத்த காலம் அதுவே எனலாம்.

1933 திசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு அகவை 27. சுந்தராம்பாளுக்கோ 25. அன்றுமுதல் வெள்ளாடை, எந்த ஆடவரோடும் இணையாக நடிப்பதில்லை என்னும் உறுதி. இதனைக் கற்பின் மாட்சி என்று மட்டும் பாராட்டிவிட்டு நகர்வது நம் வழக்கம். அப்பாராட்டில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. இருபத்தைந்து அகவைப் பெண்ணொருத்தி தன் இளமையை மூடிவைத்த துயரை அது நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அவருடைய வேடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும். 1935இல் நந்தனார், அதாவது ஆண் வேடம். இலட்ச ரூபாய் ஊதியம் என்று அந்நாளில் நாடே வியந்து பேசியது இப்படத்துக்குத்தான். 1940இல் மணிமேகலை; 1953இல் ஜெமினியின் ஔவையார்; 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள்; 1973இல் காரைக்கால் அம்மையார். இளமையையும் இல்லறத்தையும் கடந்த பெண்களாகவே தமிழிலக்கியம் அவருக்கு வேடம் தந்தது. அவரே தேர்ந்தாரா, சமுதாயம் விட்டுவைத்த இடம் அதுதானா? இரண்டும் கலந்தே இருந்திருத்தல் கூடும்.

எனினும் அக்குறுகிய இடத்தை அவர் நிறைத்த விதம் வியப்புக்குரியது. ஔவையைப் பாடநூலில் படித்த தலைமுறைக்கும் அம்மூதாட்டியின் முகமும் குரலும் சுந்தராம்பாளுடையவை ஆயின. 1965இல் திருவிளையாடலில் கே. வி. மகாதேவன் இசையில், கனி கிடைக்காமல் சினந்து மலையேறிய முருகனைத் தேற்றும் ஔவையாக அவர் பாடியபோது அகவை 57ஐ நெருங்கியது. பழனித் தலவரலாற்றை ஏட்டில் படித்தவரினும் அக்குரலில் கேட்டறிந்தவரே மிகுதி. கொய்யாச் சந்தைக்கு வரும் ஆயக்குடி உழவரிடம் கேட்டால் இது புலப்படும்.

இசை வரலாறு எழுதுவோர் அவரை நாடகப் பாடகி என்று ஓரிரு வரியில் முடித்துவிடுவதுண்டு. இது முறையன்று. 1940களில் அரங்குகளில் தமிழ்ப்பாட்டுக்கு இடமுண்டா என்று வழக்காடினர். 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. அவ்வழக்கு எழுமுன்பே நாடக மேடை இரவுதோறும் தமிழ் பாடிக்கொண்டிருந்தது. கட்டணம் கொடுத்துப் பல்லாயிரவர் கேட்டுக்கொண்டும் இருந்தனர். அதற்கு யாரும் இயக்கம் என்று பெயரிடவில்லை, அவ்வளவே. தமிழிசைச் சங்கம் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் அளித்தது 1966இல்தான்.

காங்கிரசு மேடைகளில் பாடி விடுதலை வேட்கையை ஊர்தோறும் கொண்டுசென்றவர் என்பதும், 1951இல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினரானார் என்பதும் தனியே விரித்துரைக்கத்தக்கவை. துணைவன் படப் பாடலுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதும், 1970இல் பத்மசிறீயும் வந்தன. 1980இல் அவர் மறைந்தார்.

பாவலர் பெருமக்களுக்கு ஒன்று. அவர் பாடியவற்றுள் பலவற்றை எழுதியவர் எவரெனக் கேட்போர் அறியார். பாட்டு அவருடையதாகவே வழங்குகிறது. அவ்வாசிரியர்களின் பெயர்களை இசைத்தட்டு உறைகளிலும் பழைய பாட்டுப் புத்தகங்களிலும் தேடித் தொகுக்கும் பணி எஞ்சி நிற்கிறது. பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் அதனை மேற்கொள்ளலாம்.